எந்தப் படகு வாங்கலாம்?

கடலுக்குப் போகும் குடும்பத்துக்குப் படகுதான் வயல். படகுதான் மாடு. படகுதான் வண்டி. படகு சரியாக அமைந்தால் வீட்டில் அடுப்பு எரியும். சரியாக அமையாவிட்டால் கடன் ஏறும். சில சமயம் உயிரும் போகும்.

ஆகவே படகு வாங்கும் முன் யோசிக்க வேண்டும். விசாரிக்க வேண்டும். கணக்குப் போட வேண்டும். இந்தப் பாடத்தில் அதைப் பற்றிப் படிப்போம். சிறு படகு லேசாக இருக்க வேண்டும். உறுதியாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

நம் கரை எப்படிப்பட்டது?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை நீளமானது. வடக்கே இடவா. தெற்கே பொழியூர். நடுவே அஞ்சுதெங்கு, மரியநாடு, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு என்று ஊர் ஊராக மீனவர்கள் வாழ்கிறார்கள். பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். அங்கும் இதே கடல். இதே தொழில்.

இந்தக் கரையில் பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. திறந்த மணல்கரைதான் உண்டு. கரை சரிவாக இறங்கும். அலை கரைக்குப் பக்கத்திலேயே உடையும். படகை மணலிலிருந்து தள்ளித் தண்ணீரில் இறக்க வேண்டும். அலை உடையும் இடத்தைச் சட்டென்று தாண்ட வேண்டும். திரும்பும்போது அதே அலையைத் தாண்டிக் கரை ஏற வேண்டும். பிறகு படகை மேட்டுக்கு இழுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அலை இன்னும் பெரிது. ஆனால் அந்தக் காலத்தில்தான் நமக்கு மீனும் உண்டு. கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இழுவை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. நம் சிறு படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அலை கடுமையான நாளில்தான் சிறு படகுக்கு வேலை அதிகம்.

இன்னொரு செய்தியும் உண்டு. வலியதுறை, பூந்துறை, சங்குமுகம் போன்ற இடங்களில் கடல் கரையை அரித்துவிட்டது. படகு ஏற்றி வைக்க முன்பு போல இடம் இல்லை. பாரமான படகு வைத்திருப்பவருக்கு அங்கே பெரும் தொல்லை.

துறைமுகம் இருந்தால் கவலை இல்லை என்றும் நினைக்கக் கூடாது. முதலப்பொழியில் துறைமுகம் உண்டு. அதன் வாயில் மணல் சேர்கிறது. அங்கே அலை புரண்டு எழும். அந்த வாயில் படகு கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: என் கரைக்கு எந்தப் படகு பொருந்தும்? அடுத்த ஊரில் நன்றாக ஓடும் படகு நம் கரையில் ஓடாமல் போகலாம்.

கட்டுமரமும் வள்ளமும்

நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் கண்டார்கள்.

முதல் பதில் கட்டுமரம். மூன்று முதல் ஐந்து மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். அல்பீசியா போன்ற லேசான மரம்தான் அதற்கு ஏற்றது. கட்டுமரத்தில் அலை ஏறினாலும் தண்ணீர் மர இடுக்கு வழியே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது. புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலேயர்கள் இதைக் 'கேட்டமரான்' என்றார்கள். அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான்.

இரண்டாவது பதில் வள்ளம். மா, அயனி போன்ற பெரிய மரத்தைக் குடைந்து செய்வது. உள்ளே உட்காரலாம். வலையும் மீனும் வைக்கலாம். நன்றாகப் பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும்.

இரண்டிலும் குறை உண்டு. கட்டுமரத்தில் எப்போதும் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். அதிக வலை ஏற்ற முடியாது. மரம் தண்ணீர் குடித்துப் பாரமாகும். காய வைக்க வேண்டும். வள்ளமோ பாரம் அதிகம். அதற்கு வேண்டிய பெரிய மரம் அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் விலை அதிகம்.

1980களின் தொடக்கத்தில் வெளியே மாட்டும் என்ஜின் இந்தக் கரைக்கு வந்தது. தூரம் போகலாம். சீக்கிரம் திரும்பலாம். ஆனால் கட்டுமரத்தில் என்ஜினை மாட்டி ஓட்டுவது எளிதல்ல. புதிய படகு தேவைப்பட்டது.

ஒட்டுப்பலகைப் படகு வந்த கதை

புதுப் படகு கொண்டுவர அதற்கு முன்பே முயற்சி நடந்தது. 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. என்ஜின் படகுகள் வந்தன. ஆனால் பெரிய என்ஜின் படகு நிற்கத் துறைமுகம் வேண்டும். திறந்த கரையில் அதை இழுத்து ஏற்ற முடியாது. திருவனந்தபுரம் கரைக்கு அது பதில் ஆகவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்ற ஊர் உண்டு. அங்கே படகு கட்டும் மையம் ஒன்று 1970களில் வேலை செய்தது. பியர் ஜில்லே என்ற பொறியாளர் அங்கு உழைத்தார். அலைக்கரைக்கு ஏற்ற சிறு படகு செய்வதே நோக்கம். வேலை சுலபமாக இல்லை. 1985-இல் அவர் இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 'சிறியது கடினமானது' என்பது அந்த ஆங்கிலத் தலைப்பின் பொருள். சிறு படகு செய்வது சிறிய வேலை அல்ல என்பதை அந்தத் தலைப்பே சொல்கிறது.

கடைசியில் கை கொடுத்தது ஒட்டுப்பலகை. 'பிளைவுட்' என்று சொல்கிறோமே, அதுதான். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியது. ஒரு தகட்டின் நார் நீளவாட்டில் இருக்கும். அடுத்த தகட்டின் நார் குறுக்கே இருக்கும். அதனால் எளிதில் பிளக்காது. மெல்லியதாக இருந்தாலும் வலு உண்டு.

படகு கட்டும் முறையும் புதிது. பலகையை அளவாக அறுக்க வேண்டும். ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் கண்ணாடி இழைத் துணியை வைத்துப் பசை பூச வேண்டும். பசை இறுகியதும் படகு ஒரே உடலாகிவிடும். இங்கிலாந்தில் 1963-இல் 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகு இந்த முறையில் வந்து புகழ் பெற்றது. பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவின் உதவியோடு 1980களின் தொடக்கத்தில் இந்த முறை நம் கரைக்கு வந்தது.

தைத்த படகு நமக்குப் புதிது அல்ல. கேரளத்தின் கெட்டுவள்ளத்தைப் பாருங்கள். பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியது அது. நம் முன்னோர் கயிற்றால் தைத்தார்கள். புதியவர்கள் செப்புக் கம்பியால் தைத்தார்கள்.

இந்தப் படகைப் பரப்பியதில் மீனவர் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-இல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தது. 'சிஃப்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மரியநாடு மீனவர் சங்கத்தின் அனுபவம் இதற்கு வழிகாட்டியது. மீனை ஏலம் விடுவது, கடன் கொடுப்பது, சேமிப்பது ஆகிய மூன்றையும் சங்கமே செய்தது. பிறகு படகு கட்டும் கூடங்களையும் நடத்தியது. மீனவர்கள் படகை ஓட்டிப் பார்த்தார்கள். குறை சொன்னார்கள். கட்டுபவர்கள் திருத்தினார்கள்.

ஃபைபர் படகு

இன்று கரையில் அதிகம் காண்பது ஃபைபர் படகு. கண்ணாடி இழைப் பாயைப் பசையில் நனைத்து அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. ஏராளமான படகுகள் உடைந்தன. அதற்குப் பிறகு நிவாரணமாகப் பல கரைகளுக்கு ஃபைபர் படகுகள் வந்தன.

ஃபைபர் உளுக்காது. கப்பல் புழு அரிக்காது. ஆனால் மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேயும். தடிமன் குறைத்துச் செய்தால் அலை அடித்துக் கீறும். இன்னொன்றை மறக்கக் கூடாது. மரம் மிதக்கும். ஃபைபர் தானாக மிதக்காது. காற்றறை இல்லாத ஃபைபர் படகில் தண்ணீர் நிறைந்தால் மூழ்கிவிடும்.

உள்ளே நுரை நிரப்பிய ஃபைபர் கட்டுமரமும் இப்போது உண்டு. வடிவம் பழையது. பொருள் புதியது.

லேசான படகு என்றால் என்ன?

ஒரு கணக்குப் போடுவோம். மணலில் ஓர் ஆள் 30 கிலோ பாரத்துக்குத் தோள் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

240 கிலோ படகு: 240 ÷ 30 = 8 பேர் வேண்டும்.

480 கிலோ படகு: 480 ÷ 30 = 16 பேர் வேண்டும்.

கடலுக்குப் போவது நான்கு பேர். மீதிப் பேரை எங்கே தேடுவது? அவர்களுக்கும் மீன் கொடுக்க வேண்டும். ஆள் வராத நாளில் தொழில் இல்லை. படகு லேசாக இருந்தால் பிறர் கையை எதிர்பார்ப்பது குறையும். எண்ணெய்ச் செலவும் குறையும்.

லேசான படகின் பயனை 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் கண்டது. பெருவெள்ளம் வந்தது. நம் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றினார்கள். செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 600-க்கும் மேற்பட்ட படகுகள் போயின. 65,000 பேரையாவது மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்று அரசு சொன்னது. தோளில் தூக்கி லாரியில் ஏற்ற முடிந்த படகு என்பதால்தான் இது நடந்தது.

ஆனால் அளவுக்கு மீறி லேசாகவும் இருக்கக் கூடாது. பலகையை மெலிதாக்கி, பசையைக் குறைத்து, எடையைக் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட படகைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். அலை அடித்தால் உடல் நெளியும். சரியான வடிவத்தாலும் நல்ல பொருளாலும் வரும் லேசுதான் நல்லது.

எவ்வளவு பாரம் ஏற்றுவோம்?

படகின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. நாம் ஏற்றும் பாரத்தையும் கூட்ட வேண்டும். உதாரணம்:

ஆட்கள் 4 பேர் (ஒருவர் 65 கிலோ): 260 கிலோ

என்ஜின்: 40 கிலோ

மண்ணெண்ணெய் 40 லிட்டர்: 32 கிலோ

வலை: 150 கிலோ

ஐஸ்: 50 கிலோ

மீன்: 300 கிலோ

மொத்தம்: 832 கிலோ

மண்ணெண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஆகவே 40 லிட்டர் சுமார் 32 கிலோதான் இருக்கும். வலை நனைந்தால் பாரம் கூடும். நனைந்த வலையின் எடையையே கணக்கில் எழுதுங்கள்.

இந்தப் பாரத்தைப் படகு தாங்குமா? சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அமைதியான காயல் தண்ணீரில் வெறும் படகை விடுங்கள். 50 கிலோ மணல் மூட்டைகள் 17 ஏற்றுங்கள். அது 850 கிலோ ஆகும். இப்போது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது? கையால் அளந்து பாருங்கள். அமைதியான தண்ணீரிலேயே உயரம் குறைவு என்றால் அலைக்கடலில் தண்ணீர் உள்ளே வரும். அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம்.

கவிழ்ந்தாலும் மூழ்காத படகு

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் திருவனந்தபுரம், குமரி மாவட்டக் கடலில் வீசியது. கடலுக்குப் போனவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. அவ்வளவு பெரிய புயலில் எந்தச் சிறு படகும் தாக்குப் பிடிப்பது அரிது. ஆனால் கவிழ்ந்த படகு மிதந்துகொண்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். தேடி வருபவர் கண்ணிலும் படும்.

எந்தப் புதுப் படகிலும் கட்டுமரத்தின் இந்த ஒரு குணம் இருக்க வேண்டும். அதற்குக் கணக்கு இதோ:

ஒரு லிட்டர் காற்று அடைத்த இடம் தண்ணீரில் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும்.

படகு 300 கிலோ. என்ஜின் 40 கிலோ. பிடித்துத் தொங்கும் ஆட்களுக்காக 60 கிலோ. மொத்தம் 400 கிலோ. ஆகவே 400 லிட்டர் மிதப்பு இருந்தால் பயம் குறைவு.

20 லிட்டர் கேன்களை இறுக மூடிக் கட்டினால் 20 கேன் வேண்டும். நுரைக் கட்டியாக வைத்தால், ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள கட்டி சுமார் 28 லிட்டர். அப்படி 15 கட்டி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண தெர்மோகோலைப் பெட்ரோல் கரைத்துவிடும். ஃபைபர் படகுப் பசையும் கரைக்கும். ஆகவே எண்ணெய் படாதபடி மூடிய அறையில்தான் அதை வைக்க வேண்டும். மிதப்பை முன்னும் பின்னும், இரு பக்கமும் பிரித்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் படகு செங்குத்தாக நிற்கும்.

படகு கட்டுபவரிடம் நேராகக் கேளுங்கள்: "தண்ணீர் நிறைந்தால் இது மிதக்குமா? காட்டுங்கள்." காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

உறுதியை எப்படிப் பார்ப்பது?

ஒட்டுப்பலகைப் படகு வாங்கினால்:

கடல் தர ஒட்டுப்பலகைதானா என்று பாருங்கள். அதற்கான இந்தியத் தர எண் 710. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண் பலகையில் இருக்கும். இந்தத் தரப் பலகையைக் கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது. வீட்டுக் கதவுக்குப் போடும் பலகை இதைத் தாங்காது. பெயிண்ட் அடித்த பிறகு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

பலகையின் ஓரங்களை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் ஓரத்தில்தான் நுழையும். ஆணித் துளை, திருகுத் துளை எல்லாவற்றையும் பசையால் அடைக்க வேண்டும்.

ஃபைபர் படகு வாங்கினால்:

உள்பக்கம் தடவிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கே பசை சேரவில்லை. கொப்புளம் இருந்தால் உள்ளே காற்று. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஓசை கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே அடுக்கு விட்டிருக்கலாம். கட்டைவிரலால் அழுத்துங்கள். பக்கம் உள்வாங்கினால் தடிமன் போதாது. என்ஜின் மாட்டும் பின்பலகையை நன்றாகப் பாருங்கள். அதன் உள்ளே மரம் இருக்கும். தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமலே அது உளுத்துவிடும்.

எந்தப் படகானாலும் அடியில் மணல் உரசும் இடத்தில் தனிக் கட்டை அல்லது பட்டை வேண்டும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும்போது கவனம் தேவை. ஃபைபர் பசையோடு இரண்டு மருந்து சேர்ப்பார்கள். ஒன்று இறுக வைப்பது. மற்றொன்று வேகப்படுத்துவது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும். வெடிக்கவும் செய்யும். ஒன்றைப் பசையில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாமாவும் மருமகனும் போட்ட கணக்கு

மருமகன்: மாமா, ரெண்டு படகு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு ஒரு லட்சம். இன்னொண்ணு ஒன்றரை லட்சம். முதல் படகையே வாங்கிடலாம்னு பார்க்கேன்.

மாமா: இரு மக்களே. ஒரு லட்சம் படகு எத்தனை வருஷம் உழைக்கும்?

மருமகன்: அஞ்சு வருஷம்னு சொல்றாங்க. பழுதுபார்க்க வருஷம் ஆறாயிரம் ஆகும்.

மாமா: அப்போ ஒரு லட்சத்தை அஞ்சால வகுத்துப் பாரு. வருஷத்துக்கு இருபதாயிரம். பழுதுச் செலவு ஆறாயிரம். ஆக இருபத்தாறாயிரம். மற்றது?

மருமகன்: அது பத்து வருஷம் வரும். பழுதுக்கு அஞ்சாயிரம் போதும்.

மாமா: ஒன்றரை லட்சத்தைப் பத்தால வகுத்தா பதினஞ்சாயிரம். அதோட அஞ்சாயிரம். மொத்தம் இருபதாயிரம். இப்போ எது லாபம்?

மருமகன்: அட! விலை கூடின படகுதான் வருஷத்துக்கு ஆறாயிரம் லாபம். அப்போ மேற்கொண்டு வேண்டிய அம்பதாயிரத்தை வட்டிக்கு வாங்கிடறேன்.

மாமா: என்ன வட்டி?

மருமகன்: நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்.

மாமா: அங்கதான் இடறும் மக்களே. மாசம் ஆயிரம். வருஷம் பன்னிரண்டாயிரம். ஆறாயிரம் லாபத்துக்குப் பன்னிரண்டாயிரம் வட்டியா?

மருமகன்: சங்கத்துல வருஷத்துக்கு நூத்துக்கு ஒன்பதுன்னு கிடைச்சா?

மாமா: முதல் வருஷ வட்டி நாலாயிரத்து ஐந்நூறு. அப்பவும் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். முதல் அடைய அடைய வட்டி குறையும். இன்னொண்ணையும் கேட்டுக்கோ. கரையில கடன் தர்றவன், பிடிச்ச மீனையும் தனக்கே தரணும்பான். அவன் வச்சதுதான் விலை. அந்த நஷ்டம் எந்த நோட்டிலயும் எழுதியிருக்காது.

மருமகன்: அப்போ படகைப் பார்க்கும் முன்னே கடனைப் பார்க்கணும்.

மாமா: அதுதான் விஷயம். நல்ல படகு, நல்ல கடன். ரெண்டும் சேர்ந்தாத்தான் பிழைப்பு.

(இந்தக் கணக்கில் உள்ள விலையும் ஆண்டும் உதாரணத்துக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.)

பதிவும் காப்பீடும்

கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் 1980-இல் வந்தது. மீன்பிடி படகுகளைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பகுதி மத்ஸ்ய பவனில் விசாரியுங்கள். மீனவர் நல நிதி வாரியத்தில் உறுப்பினராகச் சேருங்கள். கூட்டுறவுக் கூட்டமைப்பான மத்ஸ்யஃபெட் 1984-இல் தொடங்கியது. அதன் கடன் திட்டங்களையும் காப்பீட்டையும் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். எத்தனை ஆளோ அத்தனை அங்கி வேண்டும்.

எந்தப் பத்திரமானாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். பெருவிரல் ரேகை வைத்த காலம் போய்விட்டது. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, மீனை யாரிடம் விற்க வேண்டும் என்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? வாசித்துக் கேளுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தப் படகின் எடை எவ்வளவு? எத்தனை பேர் தள்ளினால் நகரும்?

2. என் கரை அலையில் இது போகுமா? ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத் தருவார்களா?

3. என் வலை, ஆள், மீன் எல்லாம் ஏற்றினால் விளிம்பு எவ்வளவு மிஞ்சும்?

4. தண்ணீர் நிறைந்தால் மிதக்குமா?

5. என்ன பலகை? என்ன பசை? எத்தனை அடுக்கு?

6. பழுதானால் நம் ஊரிலேயே சரி செய்ய ஆள் உண்டா?

7. இதே படகை மூன்று ஆண்டு ஓட்டியவர் என்ன சொல்கிறார்?

8. வட்டியோடு சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு செலவு?

வீட்டில் உள்ள பெண்களையும் கேளுங்கள். மீன் விற்பவரும் அவர்கள்தான். கடன் தவணையைக் கட்டச் சிரமப்படுபவரும் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த முடிவு வீட்டுக்கு நல்லதல்ல.

நினைவில் கொள்வோம்

படகுக்கு முன் கரையைப் பார்.

லேசு வேண்டும். மெலிவு வேண்டாம்.

கவிழ்ந்தாலும் மூழ்காத படகே நல்ல படகு.

விலையை மட்டும் பார்க்காதே. வருடக் கணக்கைப் பார்.

பயிற்சி

1. கட்டுமரத்தின் இரண்டு நன்மைகளை எழுதுங்கள்.

2. செப்புக் கம்பியால் தைத்த படகுக்கும் கெட்டுவள்ளத்துக்கும் என்ன ஒற்றுமை?

3. ஒரு படகின் எடை 360 கிலோ. ஓர் ஆள் 30 கிலோவுக்குத் தோள் கொடுத்தால் எத்தனை பேர் வேண்டும்?

4. படகும் என்ஜினும் 260 கிலோ. ஆட்களுக்காக 40 கிலோ. எத்தனை லிட்டர் மிதப்பு வேண்டும்? 20 லிட்டர் கேன் எத்தனை?

5. உங்கள் படகில் ஏற்றும் பாரங்களைப் பட்டியலாக எழுதிக் கூட்டுங்கள்.

6. கரையில் கடன் வாங்குவதற்கும் சங்கத்தில் கடன் வாங்குவதற்கும் என்ன வேறுபாடு? உங்கள் மையத்தில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.